பதினான்காம் வட்டத்தின் கதவுகள்

மீன்பிடித் துறைமுகத்தின் மூச்சுவாயிலில் காலை ஐந்தரைக்கே வரிசை நீண்டுவிடும். ஐஸ் பெட்டி சுமக்கிறவர்கள், ஏலம் விடுகிறவர்கள், வலை சீர் செய்கிறவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, சுவரில் பதித்த புனலில் மூன்று நொடி ஊதிவிட்டு உள்ளே போவார்கள். பச்சை எரிந்தால் கம்பி விலகும். சிவப்பு எரிந்தால் பக்கவாட்டுக் கதவு திறக்கும். அந்தக் கதவுக்கு அப்பால் தனிமைக் கொட்டகை. பதினான்கு நாள்.

இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் ஒன்று உண்டு. கருவிக்கே சந்தேகம் என்று பொருள். மஞ்சள் எரிந்தவர் கொட்டகையில் மூன்று நாள் இருந்து, ஆய்வகத்தின் பதில் வந்த பிறகே வெளியே வரலாம். மறுபடி ஊதிப் பார்க்கக் கூடாது. டெல்பின் அந்த வாயிலில் கண்காணிப்பாளராகச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லப்பட்ட விதி அது. ஒன்பது வருடத்தில் அவள் அதை ஒரே ஒரு முறைதான் மீறினாள். போன திங்கட்கிழமை, அருள்தாசனுக்காக.

அருள்தாசன் விசைப்படகுத் தொழிலாளி. மஞ்சளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"யக்கா, படகு இப்பக் கெளம்பிரும். மூணு நாளு நான் கொட்டகையில கெடந்தா என் எடத்துல வேற ஆள ஏத்திருவாவ. பெறவு சீசன் முடியுத வரைக்கும் என்னையக் கூப்பிட மாட்டாவ. லேசா தொண்டக் கரகரப்புதான். இன்னொரு தடவ ஊதுதேன்."

வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். டெல்பின் தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். கொப்பளித்துவிட்டு ஊதினான். பச்சை எரிந்தது. முதல் ஊதலை 'கருவிக் கோளாறு' என்று குறித்து அழித்துவிட்டாள். அவன் கும்பிட்டுவிட்டு ஓடினான்.

வியாழக்கிழமை காலை வட்ட அலுவலகத்திலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. 'ஐவர் அவைக்கான குலுக்கலில் உங்கள் பெயர் வந்துள்ளது. பதினொரு மணிக்கு ஆஜராகவும்.' ஐவர் அவை கூடுகிறது என்றால் வட்டத்துக்குள் தொற்று வந்துவிட்டது என்று அர்த்தம்.

முன்பெல்லாம் ஊரை அடைப்பதும் திறப்பதும் அரசாங்கத்தின் வேலையாக இருந்தது. அடைத்தாலும் அது குற்றம், அடைக்காவிட்டாலும் குற்றம் என்றானது. நான்காவது பெருந்தொற்றின்போது கலெக்டர் அலுவலகங்கள் எரிந்தன. அதன் பிறகுதான் குடவோலை முறை திரும்ப வந்தது. ஒவ்வொரு வட்டத்திலும் குலுக்கலில் ஐந்து பேர். அவர்கள் மூன்று மணி நேரத்தில் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடைப்பு என்றால் இருபத்தொரு நாளைக்கு எல்லாக் கதவும் பூட்டப்படும். சோதனை என்றால் எல்லோரும் நாளுக்கு இரண்டு முறை ஊத வேண்டும், சிவப்பு எரிந்தவர் மட்டும் கொட்டகைக்குப் போக வேண்டும். ஐவரின் பெயரும் வாக்கும் காரணமும் வட்டத்தின் எல்லா வீட்டு வாசலிலும் பதித்திருக்கும் மின்திரையான கதவுப்பலகையில் ஓடும். சொன்னவர்கள் அதே தெருக்களில்தான் பிறகும் நடமாட வேண்டும்.

அலுவலக மாடியில் ஐந்து நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனி பொன்னுலிங்கத்தை டெல்பினுக்குத் தெரியும். தினமும் அவளுடைய வாயிலில் ஊதுகிறவர். பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற சுலைகாவையும் தெரியும்; தன் தங்கை ஜெனிட்டாவின் தெருக்காரர். மற்ற இருவர் ஒரு தையல்காரரும் ஒரு கல்லூரி மாணவியும்.

திரையில் சுகாதார அதிகாரி தோன்றி விவரம் சொன்னார். இரண்டு நாளில் ஏழு பேர். புது வகை. மூச்சுவாயில்கள் இதை நூற்றுக்கு ஆறு பேரிடம் தவறவிடும். பிறகு அந்த ஏழு பேரின் பட்டியலைக் காட்டினார். மூன்றாவது பெயர் அருள்தாசன். புதன்கிழமை கரை திரும்பியதும் சிவப்பு எரிந்திருந்தது. மற்ற ஆறில் நான்கு பேர் அவனுடைய படகில் போனவர்கள்.

டெல்பின் மடியில் இருந்த கைகளை இறுகக் கோத்துக்கொண்டாள்.

பொன்னுலிங்கம்தான் முதலில் பேசினார். "அடைக்கவே கூடாதும்மா. போன அடைப்புல எங்க அம்மைக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ். பாஸ் வரும் வரும்னாவ. ஆறாம் நாளு பாஸ் வந்துது, அஞ்சாம் நாளு அம்ம போயிட்டா. நோயில செத்தவங்க கணக்குல அவ பேரு இல்ல. அடைப்புல செத்தவங்கன்னு ஒரு கணக்கே கெடையாது. நூத்துக்கு தொண்ணூத்து நாலு பேரக் காட்டுத கருவி கையில இருக்கு. அத வச்சிக்கிட்டு ஒம்பதாயிரம் பேரப் பூட்டி வைக்கது என்ன நியாயம்?"

"அந்த ஆறு பேரு எங்க போவாங்கன்னு நெனைக்கீங்க அண்ணாச்சி?" என்று சுலைகா கேட்டார். அவர் குரல் உயரவில்லை. "எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்குப் போனாரு. வாசல்ல கருவி வச்சிருந்தாங்க. நாநூறு பேரும் பச்சை. அதுல ஒருத்தருக்கு இருந்திருக்கு. பதினோராம் நாளு என் வீட்டுக்காரர மூடி எடுத்துட்டுப் போனாங்க, மொகத்தக் கூட காட்டல. பச்சை வெளக்கப் பாத்து மனுஷன் தைரியமாப் போயி ஒக்காந்து பிரியாணி சாப்பிட்டாரு. சந்தேகம் இருந்தா போயிருக்க மாட்டாரு. ஒரு கதவு தொறந்தா போதும், நோய் வந்துரும்."

"பூட்டுனா வேற சாவு வரும்."

"வரும். நான் இல்லங்கல."

தையல்காரர் சோதனைக்கு வாக்களித்தார். மாணவி வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அடைப்பு என்றாள். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் டெல்பினைப் பார்த்தார்கள்.

அவள் மனம் ஜெனிட்டாவிடம் இருந்தது. தங்கைக்கு ஒன்பதாம் மாதம். அவளுக்குக் குறித்திருந்த ஆஸ்பத்திரி பதினைந்தாம் வட்டத்தில் இருக்கிறது. அடைத்தால் வட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது. சோதனை என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போவாள், அழித்த மஞ்சளும் அழிந்ததாகவே கிடக்கும். வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லத்தான் போனாள். வெளியே வந்தது வேறு.

"அந்த மூணாவது ஆளு, அருள்தாசன். அவனுக்கு திங்கக்கெழமையே மஞ்சள் எரிஞ்சுது. நான்தான் வெந்நி குடுத்து ரெண்டாவது தடவ ஊத விட்டேன்."

மாணவி தன்னை அறியாமல் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள்.

"ஏம்மா அப்பிடிச் செஞ்ச?" என்று பொன்னுலிங்கம் கேட்டார். படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிறவர் அவர்; வராதவன் இடத்தில் வேறு ஆள் ஏறுவது அவருக்குத் தெரியாததல்ல. கேட்டு முடிப்பதற்குள் பதில் அவருக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது.

"அவன் கெஞ்சுனான் அண்ணாச்சி. சோதனைங்கதும் ஒரு அடைப்புதான், ஒத்த ஆளுக்கு மட்டும் போடுத அடைப்பு. ஊரு பூரா நடமாடும், அவன் மட்டும் பொழப்ப விட்டுட்டு உள்ள கெடப்பான். அப்ப அவன் ஏன் நெசமா ஊதணும்? வெந்நி கொப்பளிப்பான், மாத்திர போடுவான், என்ன மாதிரி ஒருத்தியக் கையெடுத்துக் கும்பிடுவான். நூத்துக்கு ஆறுன்னு இவுங்க சொல்லுதது கருவியோட தப்பு. மனுசத் தப்பு எத்தனன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. என் வாக்கு அடைப்புக்குத்தான்."

அடைப்பு, மூன்றுக்கு இரண்டு. இரண்டு மணிக்குக் கதவுகள் பூட்டிக்கொண்டன. ஒவ்வொரு பலகையிலும் ஐந்து காரணங்கள் ஓடின. டெல்பினுடையது கடைசி. அன்று மாலை ஜெனிட்டா போனில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எம் பிள்ளைய நெனைச்சியாக்கா?"

"நெனைச்சேன்" என்றாள் டெல்பின். தங்கை போனை வைத்துவிட்டாள்.

வாயில் மூடியிருந்ததால் அவளுக்கு வீட்டிலிருந்தே கதவுக் காவல் வேலை கொடுத்தார்கள். அவள் செய்த தவறுக்கான விசாரணை அடைப்பு முடிந்த பிறகு என்றார்கள். அதுவரை ஆள் போதாது. முந்நூறு கதவுகள் அவள் திரையில் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்களாக நின்றன. ஒரு கதவு திறந்தால் கட்டம் சிவக்கும். அறுபது நொடிக்குள் 'மீறல்' என்றோ 'கருவிக் கோளாறு' என்றோ அவள் குறிக்க வேண்டும். மீறினால் வீட்டோடு கொட்டகை.

தொற்று பரவியிருந்த பதினைந்தாம் வட்டம் சோதனையைத் தேர்ந்தெடுத்திருந்தது. தினமும் காலையில் இரண்டு வட்டத்து எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவளுக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. எட்டாம் நாள் முடிவில் அங்கே இறந்தவர் ஆறு, இங்கே நான்கு. அவளுக்கு மூச்சு விட முடிந்தது. அரை மணி நேரத்தில் பொன்னுலிங்கம் போன் செய்தார். ரயில்வே கேட் பக்கம் நெஞ்சுவலியில் ஒருவர், தூக்குப் போட்டுக்கொண்டு ஒரு பெண். இரண்டும் அந்த நான்கில் சேராது என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது போலும்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு ஜெனிட்டாவுக்கு வலி கண்டது. குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக. எல்லை தாண்டி ஆம்புலன்ஸ் வர ஐந்து மணி நேரம் என்றார்கள். திரையில் ஒரு டாக்டர் பேசினார். அவர் சொல்வது எதுவும் ஜெனிட்டாவின் கணவன் ராபினுக்குப் புரியவில்லை. "மதினி, கால் தெரியுது மதினி, தல வரல" என்று டெல்பினிடம் அழுதான். தனக்குத் தெரிந்த எல்லா எண்களுக்கும் அவன் போன் செய்துகொண்டிருந்தான்.

எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம் சிவந்தது. கதவு எண் இருநூற்றுப் பதினாறு. டெல்பின் படத்தைப் பெரிதாக்கினாள். சுலைகா தோளில் ஒரு பையோடு வாசலில் நின்றிருந்தார். முகத்தில் இரட்டை முகக்கவசம். கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"டெல்பின், நீதான பாக்க? நான்தான் தொறந்தேன். ராபின் போன் போட்டான், ஒன் தங்கச்சி வீட்டுக்குத்தான் போறேன். என்ன எழுதணுமோ எழுதிக்கோம்மா."

அவர் இறங்கி நடந்தார். ஆளில்லாத தெருவில் எழுபது வயது அம்மாள் ஒருவர் வேகமாக நடப்பதை டெல்பின் பார்த்தாள். நாற்பது நொடி மிச்சம். 'கருவிக் கோளாறு' என்ற பொத்தானின் மேல் அவள் விரல் போய் நின்றது. ஒரு தொடுதல் போதும், யாருக்கும் தெரியாது. அருள்தாசன் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தது. சுலைகாவின் மூச்சில் எதுவும் இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? ராபினின் மூச்சில்? பிறக்கப் போகிற குழந்தை முதல் மூச்சிலேயே எதை இழுக்கும்?

இருபது நொடி. குறிப்பு எழுதுகிற சின்ன இடத்தில் அவள் தட்டினாள். 'கதவு திறந்தது உண்மை. சுலைகா பீவி, பிரசவம் பார்க்க. பார்த்துக்கொண்டிருந்து அனுமதித்தது நான், டெல்பின். இரு வீட்டாரும் பதினான்கு நாள் தனிமையில் இருப்பார்கள். தொற்று வந்தால் பொறுப்பு என்னுடையது.' பிறகு 'மீறல்' என்பதை அழுத்தினாள். விதிப்படி அது அடுத்த நொடியே எல்லாக் கதவுப்பலகையிலும் ஓடியது.

அதன் பிறகு மூன்றரை மணி நேரம். ராபின் போனை எடுக்கவில்லை. டெல்பின் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டிலிருந்து யாரோ தரையைத் தட்டி, "ஒன் தங்கச்சின்னா மட்டும் கதவு தொறக்குமோ?" என்று கத்தினார்கள். கேட்டது சரிதான்.

பதினொன்று நாற்பதுக்கு போன் அடித்தது. சுலைகாவின் குரல் களைத்துப் போயிருந்தது. "பொம்பளப் புள்ள. கொஞ்ச நேரம் அழல, பயந்துட்டேன். பெறவு அழுதுட்டா. ஒன் தங்கச்சிக்கு ரத்தம் நெறையப் போயிருக்கு, இப்ப நின்னுட்டுது. ஆம்புலன்ஸ் வேண்டாம்னு சொல்லிராத, வரட்டும். நான் இங்கனயே கெடக்கேன்." பிறகு, "எனக்கு தொண்ட லேசா கரகரங்குது. தூக்கம் கெட்டதாக்கூட இருக்கலாம். எழுதிக்கோ. மறைக்காத" என்றார்.

டெல்பின் எழுதிக்கொண்டாள்.

திரை அடியில் அதுவரை அவள் கவனிக்காத ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது. கதவுப்பலகைகளிலிருந்து அவள் பெயருக்கு வந்த செய்திகள். வசவுகளாகத்தான் இருக்கும் என்று திறந்தாள். சில வசவுகளும் இருந்தன. மற்றவை வேறு மாதிரி இருந்தன. கதவு எழுபத்தெட்டு: அப்பாவுக்கு நாளை டயாலிசிஸ், பாஸ் வரவில்லை, திறக்கலாமா? கதவு நூற்று மூன்று: வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார், நானும் பிள்ளையும் அம்மா வீட்டுக்கு நடந்து போய்விடுகிறோம், இரண்டு தெருதான். கதவு இருநூற்று நாற்பது: மூன்று நாளாகக் காய்ச்சல், சொன்னால் கொட்டகை என்று பயந்து சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்களைச் சோதித்துவிடுங்கள்.

நாற்பத்தாறு செய்திகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தேழு ஆனது. அடைப்பு என்றும் சோதனை என்றும் அந்த மாடியில் உட்கார்ந்து பேசியபோது ஒன்பதாயிரம் ஒரே எண்ணாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு மூச்சு. எதைத் திறந்தால் யார் பிழைப்பார், எதைத் திறந்தால் யார் சாவார் என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை.

அவள் பொன்னுலிங்கத்தை அழைத்தாள். மாணவியின் எண்ணையும் தையல்காரரின் எண்ணையும் தேடி அழைத்தாள். இதைத் தனியாகச் செய்ய அவளால் முடியாது, செய்யவும் கூடாது. மூவரும் திரையில் வந்து அமர்ந்ததும் எழுபத்தெட்டாம் கதவின் செய்தியை உரக்கப் படித்தாள்.

"டயாலிசிஸ்" என்றார் பொன்னுலிங்கம். "வீட்டுல எத்தன பேரு, யாருக்காவது சளி, காய்ச்சல் இருக்கான்னு மொதல்ல கேளும்மா."

டெல்பின் கேட்டாள். பதிலுக்காக நால்வரும் காத்திருந்தார்கள்.