சுவரில் ஈரம்

பொழுது சாய்ந்துவிட்டது, மேற்கே அழுக்குச் சிவப்பாக ஒரு கோடு மட்டும் மிச்சம். மாடிப்படியின் கைப்பிடியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கீழ்ப்படியில் வெதுவெதுப்பாக இருந்த இரும்பு, மேலே போகப் போகச் சுட்டது. வெயில் இறங்கியதும் முதலில் ஆறுவது இரும்புதான். இது ஆறவில்லை. சூடேறிக்கொண்டிருந்தது.

"இன்ஜினியரம்மா வந்தாச்சா?" இரண்டாம் மாடியில் தையற்கார அக்கா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். தெருவில் மின்சாரம் இல்லை. "சூரியனுக்கு உங்க ரூமை உள்வாடகைக்கு விட்டுட்டீங்களாடி? ராத்திரி தங்கிட்டு காலையிலதான் கிளம்புறாரு."

"அட்வான்ஸ்தான் குடுக்க மாட்டேங்கிறாருக்கா."

அக்கா சிரித்தாள். பிறகு காலை மிஷினிலிருந்து எடுத்தாள். "உங்கம்மா இன்னிக்குத் தண்ணி பிடிக்கக்கூட இறங்கல. கதவைத் தட்டினேன். வேணாம், குளிருதுன்னாங்க."



குளிருது. வெக்கை மூளைக்கு ஏறினால் வியர்வை நின்றுபோகும், தோல் காயும், ஆளுக்குக் குளிர்வது போலிருக்கும். அதற்குப் பிறகு அதிக நேரம் கிடையாது. அம்மாவை இப்போதே கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"அக்கா, ஒரு ஆட்டோ பிடிச்சு வைங்க. நான் தூக்கிட்டு வரேன்."

ஏறினாள். தோளில் வேலைப்பை இடித்தது. உள்ளே வெப்பக் கேமரா. அதுதான் அவள் பிழைப்பு. அந்தக் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றை முதலில் பார்த்தவள் அவள்; அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, கண்ணாடிக் கட்டடங்களில் குளிர் எங்கே கசிகிறது என்று தேடிச் சொல்வது. கேமராத் திரையில் சூடானது வெளுப்பாகத் தெரியும், குளிர்ந்தது கறுப்பாக. உள்ளே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுமளவுக்குக் குளிரைச் சேமித்துக் கொடுப்பாள். அந்தக் குளிரின் எச்சில் எங்கே துப்பப்படுகிறது என்று எவனும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும். எதிர்க்கட்டடத்தின் ஏசி பெட்டிகள் அத்தனையும் குறுகலான சந்துக்கு அப்பாலிருந்து அவள் வீட்டுச் சுவரைப் பார்த்தே இரவு பகலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. தெருவுக்கே மின்சாரம் போனாலும் அவர்களுக்கு ஜெனரேட்டர் உண்டு. இப்போதும் அது உறுமிக்கொண்டிருந்தது.

மேல்மாடி ஒற்றை அறை. கதவைத் திறந்தாள். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் அப்பியது. காய்ந்த சுண்ணாம்பு, சூடேறிய பிளாஸ்டிக் வாளி, இஸ்திரி போடும்போது கருகிய துணி போல ஒரு வாடை. அம்மாவின் வியர்வை வாடை மட்டும் அதில் இல்லை. இருட்டில் கட்டிலின் மேல் ஒரு மேடு. தலைமுதல் கால்வரை போர்வை.

"அம்மா, எழுந்திரு. கிளம்பணும்."

"கதவைச் சாத்து. குளிருது."

அம்மாவின் குரல்தான். ஆனால் உலர்ந்திருந்தது, மணலை மணலில் தேய்ப்பது போல. போர்வைக்குள் கை விட்டுக் காலைத் தொட்டாள். தோல் இல்லை அது. வெயிலில் கிடந்த செங்கல்லின் சொரசொரப்பு. கையை இழுத்துக்கொண்டாள். போனில் சார்ஜ் இல்லை, டார்ச்சும் இல்லை. பையிலிருந்து கேமராவை எடுத்தாள். எத்தனை டிகிரி என்றாவது ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டுமே.

திரை ஒளிர்ந்தது. கட்டில் வெளுப்பு. போர்வை வெளுப்பு. தரை, கூரை, வாளி, எல்லாம் ஒரே வெளுப்பு. கட்டிலில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. சுவர் எவ்வளவோ, மேடும் அவ்வளவு. நாற்பத்து நான்கு டிகிரி.

"கதவைச் சாத்து. குளிருது."

கேமராவைத் திருப்பினாள். எதிர்ச்சுவரின் நடுவில் கறுப்பு.

அந்தக் கறுப்பை அவளுக்குத் தெரியும். போன வாரம் வீட்டிலேயே கேமராவைச் சோதித்தபோது உள்ளங்கையளவுக்குத் தெரிந்தது. வெளுத்த சுவரில் கறுப்பு என்றால் நீர்க்கசிவு. தொழிலில் அப்படித்தான் பழக்கம், யோசிக்கவே வேண்டாம். "அம்மா, இங்க ஈரம் இருக்கு பாரு. முதுகை இதுல சாச்சு உட்காரு, கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும்" என்றாள். "படிச்சவ சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்" என்று அம்மா கிண்டலாகச் சொல்லி, புடவையைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். தினமும் உட்கார்ந்தாள். கறுப்பும் தினமும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

மழை பெய்து மாதக்கணக்காகிறது. அந்தச் சுவரில் குழாய் கிடையாது.

இது தனக்கு ஏன் தோன்றவில்லை?

கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கறுப்புக்கு ஓரம் இருந்தது. மடக்கிய முழங்கால். கூனிய முதுகு. கழுத்துக்கு மேலே சின்னதாகக் கொண்டை.

திரையின் அளவுப்புள்ளியை அதன் மார்பில் வைத்தாள். முப்பத்தேழு.

மனிதனைவிட அறை சூடாகிவிட்டால், உயிருள்ள உடம்புதான் அங்கே கறுப்பு.

அந்த உருவத்தின் ஓரமாகச் சுவரில் காதை வைத்தாள். காது சுட்டது. எடுக்கவில்லை. ஜெனரேட்டரின் உறுமல். அதற்கு அடியில், ஆழத்தில், மெத்தென்று ஏதோ அடிக்கும் சத்தம். உள்ளிருந்து. கையால்.

"எலி..."

அம்மா மட்டும் அவளைக் கூப்பிடும் பெயர்.

"அம்மா! அம்மா, நான்தான்!" நகத்தால் சுண்ணாம்பைப் பிறாண்டினாள். பொடி உதிர்ந்தது. அதற்கு அடியில் சிமெண்ட். அதற்கு அடியிலும் சிமெண்ட். கீழே தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது. "ஏய், சீக்கிரம் தூக்கிட்டு வாடி!" அக்காவின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது.

பின்னால் கட்டில் முனகியது.

பாரமான ஒன்று தரையில் கால் வைத்தது. ஒரு கால். இன்னொரு கால். தரை உரசியது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. முதுகில் அனல்.

கதவு சாத்திக்கொண்டது.

இன்னொரு கையிலிருந்த கேமராத் திரையில், சுவருக்குள்ளிருந்த அம்மாவின் கறுப்புக் கை அவள் முகத்துக்கு நேராக விரிந்திருந்தது. சுண்டுவிரலின் நுனி சுவரோடு சுவராக வெளுத்தது. பிறகு மோதிர விரல். வெளுப்பு மெல்ல உள்ளங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.