பன்னிரண்டு குழாய்களில் ஒரே மூக்கு

இதில் ஒரு சொல்கூடக் கலப்படமில்லை. யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். சொன்னவர் அந்த வார்டில் நாலாம் கட்டிலில் இருந்த தபால்காரம்மா. முப்பது வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்தும், ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டில் வைக்காத மனுஷி. ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் நடந்ததை இமைக்காமல் பார்த்தவர். இனி நம்புவதும் நம்பாததும் கேட்பவர் பாடு.

மூன்று மணிக்கு ஆய்வகத்து மெஷின் கூவி அடங்கியபோது, குச்சிக்காரன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். நோயாளிகளின் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சளி எடுத்துப் பரிசோதிப்பது அவன் வேலை. குச்சிக்காரன் என்பது பெண்கள் வார்டில் வைத்த பெயர். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு குழாய். வழக்கம்போலப் பன்னிரண்டும் நெகட்டிவ். வழக்கத்தில் இல்லாதது ஒன்றுதான். ஏழாம் குழாய்க்கு நேரே, இரண்டாவது கட்டத்தில், 'மனிதச் செல் இல்லை' என்று வந்திருந்தது.

அந்த இரண்டாவது கட்டம் கள்ளனைப் பிடிக்க வைத்த பொறி. குச்சியை மூக்குக்குள் விடாமலே ஒருவன் வெறும் பஞ்சைக் குழாயில் போட்டுவிடலாம் அல்லவா? அதனால் மெஷின் வைரஸைத் தேடும்போதே மனிதனையும் தேடும். மனிதன் அகப்படாவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும். குச்சிக்காரனுக்கோ இருமல் சத்தம் கேட்டாலே குலை நடுங்கும். வார்டுக்குப் போவான், எட்டியமட்டும் கையை நீட்டி மூக்கு நுனியைத் தொட்டும் தொடாமலும் ஒரு தடவு தடவுவான், ஓடி வந்துவிடுவான். முதல் நாள் மெஷின் பன்னிரண்டு தடவை காட்டிக்கொடுத்தது. மறுநாளிலிருந்து ஆய்வகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பன்னிரண்டு புதுக் குச்சிகளையும் தன் மூக்கிலேயே விட்டு எடுத்தான். மனிதன் அகப்பட்டான். வைரஸ் அகப்படவில்லை. ஒன்பது நாளாக அந்த வார்டே அவன் மூக்கின் புண்ணியத்தில் நெகட்டிவாக இருந்தது. நெகட்டிவாகவே இருமிக்கொண்டும் இருந்தது.

ஏழாம் கட்டிலில் கிடந்தவள் அவன் அக்கா. தாயில்லாத வீட்டில் அவன் மூக்கைச் சிந்திவிட்டு, தன் முந்தானையிலேயே துடைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். அவளுக்கும் அவன் தன் மூக்கைத்தான் கொடுத்திருந்தான்.

டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"ஏழாம் பெட் என்ன வந்துச்சு?"

"நெகட்டிவ்தாங்க மேடம்."

"எக்ஸ்ரேல நெஞ்சு முழுக்க வெள்ளையா இருக்கு. பேப்பர் ஒண்ணு சொல்லுது, நெஞ்சு ஒண்ணு சொல்லுது. மருந்து அலமாரியிலயே தூங்குது, பாசிட்டிவ்னு எழுதிக் குடுக்காம பெரிய டாக்டர் சாவியைத் தர மாட்டேங்கிறாரு. உங்க அக்காதானே? இன்னொரு தடவை ஆழமா எடுங்க. அஞ்சு மணிக்குள்ள பேப்பர் வந்தா பிழைச்சுக்குவாங்க."

"சரிங்க மேடம்."

உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஜெயில் வரும். சொல்லாமலே காப்பாற்ற வழி இருந்தது: ஒரே ஒரு குச்சியை, ஒரே ஒரு தடவை, நேர்மையாக விட வேண்டும். அதற்கு முன் அந்த இரண்டாவது கட்டம் அவனை அரித்தது. ஏழாம் குழாயில் இருந்ததும் அவன் சளிதானே? தாழிட்டான். புதுக் குச்சியை வலது மூக்கில் விட்டுச் சுழற்றினான். எப்போதும் கண்ணில் நீர் முட்டும், இன்று முட்டவில்லை. இருபது நிமிஷம் மெஷின் முனகியது.

மனிதச் செல் இல்லை.

இடது மூக்கு. கன்னத்தின் உட்புறம். நாக்கின் அடி. மூன்றையும் சேர்த்து வைத்தான். இன்னும் இருபது நிமிஷம்.

இல்லை. இல்லை. இல்லை.

டீயை முகர்ந்தான். வாசனை இல்லை. கிருமிநாசினிப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தான். அதற்கும் இல்லை. மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டான். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

நாலரை மணிக்கு ஒரு குச்சியோடு வார்டை நோக்கி நடந்தான். நீண்ட தாழ்வாரம், ஒரு பக்கம் சக்கர நாற்காலிகள், மறுபக்கம் ஈரத் துணிகள் தொங்கும் கம்பி, தரையில் சாய்ந்த வெயில், அதற்கு அப்பால் இருமல். பாதி வழியில் கால் நின்றது. இரண்டு குட்டி இருமல், பின் நீளமாக ஒரு கனைப்பு. அவன் மனைவி "ரயில் வந்துடுச்சு" என்று கேலி செய்கிற கனைப்பு. அவன் கனைப்பு. அவன் வாய் மூடியிருந்தது.

மறுபடியும். இந்தத் தடவை பன்னிரண்டு தொண்டைகளும் ஒன்றாக.

"வாப்பா குச்சி!" நாலாம் கட்டிலில் தபால்காரம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கும் மூக்குக்கு முத்தம் குடுத்துட்டு ஓடப்போறியா?"

"பேசாம படும்மா."

"உள்ள காயிதம் இருக்கா இல்லையான்னு கவரைத் தொட்டாலே சொல்லிடுவேன் நான். உன்னைப் பாத்தா வெறுங்கவர் மாதிரில்ல இருக்கு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் ஏழாம் கட்டிலுக்குப் போனான். ஒன்பது நாளில் முதல் தடவையாகக் கிட்டப் போனான். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. குச்சியை அவள் மூக்கில் ஆழமாக விட்டுச் சுழற்றினான்.

மற்றப் பதினொரு பேரும் இடது புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் துடைப்பதுபோலவே. கீழிருந்து மேலாக.

அக்கா கண்ணைத் திறந்தாள். அவன் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டாள்.

"எங்களுக்கெல்லாம் எடுத்துட்ட. உனக்கு யாருடா எடுப்பா? உக்காரு."

"அக்கா, குச்சியைக் குடு. பேப்பர் வரணும். அஞ்சு மணி ஆகப்போகுது."

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தான். அந்தக் குரலுக்கு உட்கார்ந்தே வளர்ந்தவன். பதினொரு பேரும் கட்டிலைவிட்டு இறங்கி வந்து வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு குச்சி. தபால்காரம்மா முதலில் நின்றார்.

"முகத்தை நிமித்து. சின்னப் புள்ளையிலேருந்தே மூக்கைக் காட்டுன்னா அழுவ" என்றாள் அக்கா.

குச்சி உள்ளே போனது. பாதி போனது. முழுக்கப் போனது. தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. அக்காவின் விரல்கள் போயின. மணிக்கட்டு போனது. வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அவள் வளையல் அவன் உதட்டில் குளிர்ச்சியாகப் பட்டது, பிறகு அதுவும் உள்ளே போனது. வீட்டு அலமாரியில் எதையோ தொலைத்தவளைப் போல அவள் துழாவினாள்.

"உள்ள யாரும் இல்ல" என்றாள் மற்றவர்களிடம்.

வாசலில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா.

"அஞ்சாகப்போகுது. சாவிக்கு ஆள் அனுப்பணும். ஏழாம் பெட் என்ன?"

பாசிட்டிவ் என்று கத்த வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. பன்னிரண்டு வாய்கள் திறந்தன. அக்காவின் வாயும் திறந்தது. பன்னிரண்டிலும் அவன் குரல்.

"நெகட்டிவ்தாங்க மேடம்."

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. அக்கா முழங்கைவரை போயிருந்த கையை உருவிக்கொண்டு, அவன் மூக்கை முந்தானையால் பதமாகத் துடைத்துவிட்டாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள்.

தபால்காரம்மா குச்சியோடு முன்னால் வந்தார்.

தபால்காரம்மா இறந்தது அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு. மரணப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'நெகட்டிவ்' என்று இருக்கிறது.