காலிக் கட்டில்

காலிக் கட்டில் பட்டியலின் கடைசி வரியில் காரணம் இல்லை.

மற்ற வரிகளில் கட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வீடு திரும்பினார்’, ‘இறந்தார்’ என்று ஏதாவது இருந்தது. ஜன்னலோரக் கட்டிலுக்கு எதிரே மட்டும் வெறுமை. அது அவள் மகளின் கட்டில்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் ஏசி முனகிக்கொண்டிருந்தது. சூடேறிய வயரின் வாடை மூக்கில் ஏற, மூடிய திரைச்சீலையில் மாலை வெயில் பழுத்துக் கிடந்தது. காலியான கட்டில்களை ‘அரே’ என்னும் பட்டியலில் சேர்த்து, அவற்றின் ஆக்சிஜனை மூடி, எச்சரிக்கை மணியையும் அடக்கிவிடும் அந்த ஸ்கிரிப்டை ஆக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவளே அவள்தான். ஒவ்வொரு முறையும் அரே வெறுமையாகத்தான் தொடங்கும்; ஆள் இருக்கும் கட்டில் அதில் வர வழியில்லை. தெரிந்தும் பெற்ற வயிறு கேட்கவில்லை. இன்று ஒரு வரி சேர்த்திருந்தாள்: மகளின் கட்டில் அரேயில் இருக்கிறதா? இல்லையென்றால் ‘பத்திரம்’ என்று சொல்.

‘பத்திரம்’ என்றிருந்தது திரை. மீதி வேலையை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு நிம்மதியாக வந்து இந்தப் பட்டியலைத் திறந்திருந்தாள்.

பெண்ணுக்குக் காவல் போட்டாயாக்கும் என்று காலையிலிருந்து கேலி செய்துகொண்டிருந்த சீனியர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“எப்படிம்மா கேட்டே? அரேயில அவ கட்டில் இடத்துல என்ன இருக்குன்னா?”

“ஆமா சார். காலியா இருந்தா, இல்லைன்னுதானே?”

“இல்லாத இடத்தை எட்டிப் பார்த்தாலே ஆக் அதை உண்டாக்கிடும்மா, வெறுமையா. நீ கேட்டதாலதான் உன் பொண்ணு கட்டில் காலிக் கட்டிலோட உள்ளே வந்திருக்கு.”

அப்படியானால் மகளின் ஆக்சிஜன் மூடியாகிவிட்டது. மூடத்தான் இங்கிருந்து முடியும்; திறக்க வார்டில் ஒரு கை வேண்டும். சீனியர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வார்டு அடுத்த கட்டடத்தில். நர்ஸ் மேசைக்குப் போன் அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

மகளோடு இருந்த கணவனுக்கு அடித்தாள்.

“மெதுவா பேசு” என்று கிசுகிசுத்தான். “இவ்வளவு நேரம் மூச்சுக்கு அல்லாடிட்டு இப்பதான் அசந்திருக்கா. இழுப்புகூட நின்னுடுச்சு.”

அலறினாள். என்ன சொன்னோமென்று அவளுக்கே தெரியவில்லை.

“எழுப்பிடாதே தாயே” என்றான். வைத்துவிட்டான்.

மறுபடி அடித்தாள். போன் அணைந்திருந்தது.

கேமரா திரையில் வார்டு. சத்தமில்லாத படம். ஆக்சிஜன் முகமூடிக்குள் சிறு முகம். திறந்த வாய். கணவன் குனிந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். நெற்றி முடியை ஒதுக்கினான். பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுக்கத் தொடங்கினான்.

மெதுவாக.

மிக மெதுவாக.