மூன்று கொடிச் சட்டை

புதன்கிழமை காலை எட்டரை மணி. சாம்பிள் பீரோவைத் திறந்த பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமி அப்படியே நின்றுவிட்டார். பூட்டு உடையவில்லை. ஏழு சட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணம்மாள் வந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"திருப்பூர்ல ஒரு சட்டைக்கா போலீஸைக் கூப்டீங்க?"

"சட்டை பெருசில்லீங்கம்மா, மேல இருக்கற படமுங்க. வெளிநாட்டுல மூணு நாட்டுக்காரங்க ஒண்ணாச் சேந்து ஒரு சேட்டிலைட் விடறாங்க. எவன் பட்டாளம் எந்தப் பக்கம் நகந்தாலும் மேல இருந்து படம் புடிச்சு மூணு பேருக்கும் குடுக்குமாம். அதுல வேலை செய்யறவங்களுக்கும் அவங்க கொழந்தைகளுக்குந்தான் இந்த ஆர்டர். மூணு கொடி, சேட்டிலைட்டோட பேரு எல்லாம் சட்டையில இருக்குது. ராக்கெட் கெளம்பற வரைக்கும் வெளிய தெரியக் கூடாதுன்னு கண்டிசனுங்க."

"மூணு பேருக்கும் ஒரே கேமராவா? சண்டை வராதுங்களா?"

"போட்ட பணத்துக்குத் தக்க முறை வெச்சுப் படம் எடுத்துக்குவாங்களாம்."

"அட, பொங்கலூர்ல எங்க கூட்டுக் கெணறு மாதிரி. ஒருத்தன் முறையில இன்னொருத்தன் மோட்டாரைப் போட்டுட்டான்னா அப்புறம் மூணு ஊட்டுக்கும் பேச்சு இருக்காது."

"அதே பயந்தானுங்க அவங்களுக்கும். நாலு மணிக்கு ஆர்டர் குடுத்தவங்களோட ஏஜெண்டு வர்றாரு. சட்டையைக் காட்டோணும், இல்லீன்னா அது என்னாச்சுன்னு காட்டோணும். ரெண்டும் முடியலீன்னா ஆர்டர் போச்சு. நூத்தம்பது பேரு வெறுங்கையோட ஊட்டுக்குப் போகோணும்."

கண்ணம்மாள் பீரோ முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். காணாமல் போனது இருப்பதிலேயே சின்ன சைஸ். அதே சைஸில் இன்னொன்று அங்கேயே கிடந்தது. அது சாயம் நிற்கிறதா என்று பார்க்கத் துவைத்த பீஸ். பீரோ அடியில் கழுத்து லேபிள் ஒன்று விழுந்திருந்தது. பிய்க்கவில்லை. ஒவ்வொரு தையலாக, பொறுமையாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு அயர்ன் டேபிள் ஆணியில தொங்கும். பிரிண்டிங் காசிமாயனும் அயர்ன் மாஸ்டர் மாரப்பனும் எடுப்பாங்க. சனிக்கிழமை சாயந்திரம் நானே ஏழையும் பாத்துப் பூட்டுனனுங்க. மாரப்பனை விட்ருங்கம்மா. ஞாயித்துக்கிழமை வெடியால அவன் பாப்பா காய்ச்சல்ல போயிருச்சு. ஊட்ல இருக்க முடியலீன்னு இன்னைக்கே வேலைக்கு வந்துட்டான். காசிமாயன்தானுங்க. போன வாரம் பக்கத்துக் கம்பெனிக்காரன்கூட டீ குடிச்சுட்டிருந்தான்."

காசிமாயன் உசிலம்பட்டிக்காரன். கம்பெனியிலேயே தங்குகிறவன்.

"பக்கத்துக் கம்பெனிக்காரன்கிட்ட என்ன பேச்சு?"

"டீ வாங்கிக் குடுத்தான், குடிச்சேன். வடை கேட்டேன், போயிட்டான்."

"ஞாயித்துக்கிழமை?"

"இங்கனதேம்மா கெடந்தேன். அன்னைக்குக் கடையடைப்பு. ஊருல ஒரு கடை தெறக்கல. பட்டினிதேன்."

"யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

அவன் கண் ஒரு நொடி அயர்ன் டேபிள் பக்கம் போய்த் திரும்பியது. "யாரும் வரலம்மா."

மூன்று மணிக்குக் கண்ணம்மாள் ரத்தினசாமி, காசிமாயன், மாரப்பன் மூவரையும் ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காசிமாயன் எடுக்கலீங்க. காப்பி அடிக்கறவன் துவைச்ச பீஸைத்தான் எடுப்பான். பிரிண்டு நிக்குமான்னு அதுலதான் தெரியும். லேபிளையும் விட்டுட்டுப் போக மாட்டான். எடுத்தவங்களுக்குப் படமே வேண்டியதில்லை. தண்ணி படாத துணி வேணும். செத்தவங்களுக்குக் கோடித்துணிதானே போடறோம்? அன்னைக்குப் பாத்து ஒரு ஜவுளிக்கடை தெறக்கலை."

மாரப்பன் தலையைத் தூக்கவில்லை.

"லேபிள்தான் வெகுநேரம் புரியலை. அப்புறம் எம்பையன் ஞாபகம் வந்துச்சு. ஏனுங்க மாரப்பன், பாப்பாவுக்குக் கழுத்துல உறுத்துமுங்களா?"

"அழுவாளுங்கம்மா," என்றான் மாரப்பன். "எதைப் போட்டாலும் பின்னால கையை உட்டுப் புடிச்சு இழுப்பா. இனி அழ மாட்டாள்ங்கறது வெட்டி முடிச்சதுக்கப்பறந்தான் நெனப்பு வந்துச்சுங்க."

ரத்தினசாமி மாரப்பன் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே மாரப்பா."

"ஊட்ல ஆத்தாக்காரி பாப்பாவை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாளுங்க. புதுசு இல்லாம அனுப்ப மாட்டேன்னுட்டா. எனக்கு வேற எதும் தோணலீங்க."

ரத்தினசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப ஏஜெண்டுக்கு என்னத்தைக் காட்டறது? குழிக்குள்ள இருக்குதுன்னா நம்புவாரா?"

மாரப்பன் எழுந்தான். "நானே தோண்டறனுங்க. நூத்தம்பது பேரு சோறுங்க."

"யாரும் எதையும் தோண்ட வேணாம்," என்றான் காசிமாயன். "பிரிண்டு பெசகிப்போச்சு, திட்டுவீகன்னு நாந்தேன் சட்டையைப் பாய்லர் அடுப்புல போட்டேன். அப்படிச் சொல்லுங்க முதலாளி. வேஸ்ட் துணி எரிச்ச சாம்பல் எப்பவும் அங்கன கெடக்கும்."

"டேய், உன்னைய வேலைக்கு வெச்சுக்க உட மாட்டாங்கடா."

"நான் ஒண்டிக்கட்டை. போறேன்."

எல்லாரும் கண்ணம்மாளைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட யாரும் இன்னும் புகார் எழுதிக் குடுக்கலீங்களே," என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்புக்குப் போனார்.

நாலு மணிக்கு வந்த ஏஜெண்டு சாம்பலைக் குனிந்து பார்த்தார். ஆர்டர் தப்பியது. காசிமாயனை அன்றைக்கே அனுப்பிவிடச் சொன்னார்.

சாயந்திரம் மதுரை பஸ்ஸுக்கு அவன் பெட்டியை மாரப்பன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் நகரும்போது காசிமாயன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"பாப்பா பேரு என்னண்ணே?"

"பழனாயி," என்றான் மாரப்பன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பேரை அவன் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னான்.