மதலைமுத்து கழுவாத மூலை

மதலைமுத்து கோபத்தில் கத்தினால் மாரண்டஹள்ளி சந்தையில் காயாகக் கிடக்கும் தக்காளி பழுத்துவிடும். இரண்டு கூடை அப்படிப் பழுத்ததை வியாபாரிகள் பார்த்திருக்கிறார்கள். அந்த மனிதர் முப்பது வயதான தன் வெள்ளைக் காரை ஜானகியம்மாளின் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். ஓசூர் பஸ்ஸுக்குப் போகவேண்டிய அவர் மகள் ஏஞ்சலின் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவது தடவைங்கம்மா! மறுபடியும் ஆயில் ஒழுகுது. உங்க ஆளுக்கு வேலை தெரியல, இல்லைன்னா வேணும்னே பண்றான்!"

ஆள் என்றது மெக்கானிக் தீர்த்தகிரியை. அவனுக்குக் காது நுனிவரை சூடேறியது.

"எம் வேலையில தப்புன்னா, இந்த ஸ்பேனரை இனித் தொடமாட்டேன்!" என்று அதைத் தரையில் வீசினான். வீசிய பிறகுதான், பதினெட்டு வருடத் தொழிலையும் சேர்த்து வீசிவிட்டது அவனுக்கு உறைத்தது.

ஜானகியம்மாள் டீயைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தாள். ஹாரன் சத்தத்தை வைத்து எந்த டயரில் காற்றுக் குறைவு என்று சொல்லக்கூடியவள். தவறியது இரண்டே முறை.

"எங்கெங்க ஒழுகுச்சு?"

"மொதல்ல எஞ்சின் மேல்மூடிங்க்கா. அதுக்குப் புது பேக்கிங் போட்டேன். அடியில ஆயில் தொட்டி ஓரமா வந்துச்சு. அதையும் அடைச்சா, இப்ப பின்பக்க சீல்ல வருது. எஞ்சினே விரிசல் விட்டிருக்குங்க்கா! இல்லைன்னா எவனோ வேலை காட்டறான்!"

"எப்போ இருந்து?"

"தவக்காலம் முடிஞ்சதுல இருந்து," என்றார் மதலைமுத்து. "நாப்பது நாள் காரை எடுக்கறதில்லைன்னு வேண்டுதல். தெனமும் கழுவி மட்டும் வெச்சேன்."

எஞ்சினை ஓடவிட்டார்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பி, யாரும் தொடாமலே ஒரு விரல் உயரம் மேலே எழும்பியது. ஜானகியம்மாள் ஒரு முகக் கண்ணாடியைக் காரின் அடியில் நீட்டினாள். சக்கர நட்டுகள்கூடப் பளபளத்தன. ஒரு மூலையில் மட்டும் செம்மண் அப்பியிருந்தது.

"தெனமும் கழுவற காருல இது மட்டும் ஏங்க?"

"அங்க கை வெக்காதீங்க!"

"எங்கிட்டயும் இதேதாங்க்கா!" என்று துள்ளினான் தீர்த்தகிரி. "தொடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாரு. வந்த கோவத்துல அது என்னன்னுகூடப் பாக்கல."

"அது ஒண்ணுதான் உந் தப்பு," என்றாள் ஜானகியம்மாள். "ஒரே எடத்துல ஒழுகினா பேக்கிங்கைச் சந்தேகப்படலாம். அடைக்க அடைக்க வேற வேற எடத்துல ஒழுகினா, உள்ள காத்து முட்டுது. கம்பி எழும்புனதும் அதனாலதான். எஞ்சின் மூச்சு விடற குழாயோட வாயில குளவி கூடு கட்டியிருக்கு. நாப்பது நாள் நின்ன காரு, அதுக்குத் தோதாப் போச்சு. உள்ள முட்டுன காத்து, எங்க வழி கெடைக்குதோ அங்க ஆயிலைத் தள்ளுது. கூட்டை நீங்க பாத்திருக்கீங்க. ஏன் விட்டுவெச்சீங்க?"

மதலைமுத்துவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "குளவி கூடு கட்டுனா வூட்டுல கொழந்த பொறக்கும்னு சொல்வாங்க. இவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருசமா இல்லீங்க. ஒடைக்க மனசு வரல. ஆயில் அதனாலதான் ஒழுகுதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. அறைந்தவள் ஏஞ்சலின்.

"ஏழு வருசமா வர்றவங்க போறவங்க எல்லாம் எம் வயித்தைப் பாத்துட்டுப் போறாங்க. இப்ப காருக்கடியிலயும் தேடறீங்களாப்பா? அதுக்கு இந்த அண்ணன் பொழப்பு போகணுமா?"

திருப்புளியை எடுத்தாள், குனிந்தாள், ஒரே குத்து. செம்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே குளவியும் இல்லை, புழுவும் இல்லை. எஞ்சின் விட்ட பெருமூச்சில் பட்டறைக் காலண்டரில் இரண்டு மாதம் புரண்டது. எழும்பியிருந்த கம்பி இறங்கி உட்கார்ந்தது.

ஏஞ்சலின் தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் தீர்த்தகிரியின் கையில் வைத்தாள். "அண்ணா, அவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கற வரைக்கும் அந்தப் பின்பக்க சீல் மாத்தாதீங்க."

மதலைமுத்து கேட்டார். மிகவும் மெதுவாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அன்று சந்தையில் ஒரு தக்காளிகூடப் பழுக்கவில்லை.