இணைக்கப்பட்டவை: மூன்று

இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது.

"உங்க போன் ஒண்ணு, லேப்டாப் ஒண்ணு. மூணாவது டிவியா?" என்று கேட்டார் நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர். ஏணியை மடக்கிக்கொண்டே அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார்.

"டிவியே இல்லைங்க. நேத்துதான் குடி வந்தோம். பெட்டிகூட இன்னும் பிரிக்கல."

"அப்ப பாப்பாகிட்ட பழைய போன் ஏதாவது இருக்கும்."

"அவகிட்ட கலர் பென்சில்தான் இருக்கு."

அவர் தலையைச் சொறிந்தார். கூடத்துச் சுவரில் மாட்டிய வெள்ளை ரூட்டர் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. புதுப் பிளாஸ்டிக் வாடையும் சுவரைத் துளைத்ததில் உதிர்ந்த சுண்ணாம்புத் தூளின் வாடையும் அறையில் கலந்து நின்றன. பாஸ்வேர்டு வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வைத்தவளும் அவளேதான். 'எங்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே போடுங்க' என்று அவர் நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டார். அந்த நாகரிகம்தான் இப்போது அவளுக்கு உறுத்தியது. மனதில் கள்ளம் இல்லாதவன் எதற்கு அவ்வளவு அக்கறையாகத் திரும்பி நிற்க வேண்டும்?

"உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எடுத்துக் காட்டினார். அதில் வைஃபையே அணைந்து கிடந்தது. "பாஸ்வேர்டை மாத்திப் பாருங்க மேடம். அப்பவும் வந்தா கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சந்தேகம் அவளுக்குத் தொழிலோடு வந்த குணம். பதினோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். ஒரு பக்கத்தில் பிழையே இல்லையென்றால்தான் அவளுக்குச் சந்தேகம் கூடும். வீட்டிலிருந்தே செய்யும் அதே வேலைக்கு இன்று மாலை ஆறு மணிக்கு இணையத்தில் தேர்வு. தேர்வு நேரத்தில் அந்த இணைப்பில் லேப்டாப்பும் போனும் தவிர வேறு எந்தக் கருவியும் இருக்கக் கூடாது, இருந்தால் வெளியேற்றிவிடுவோம் என்று கொட்டை எழுத்தில் போட்டு அனுப்பியிருந்தார்கள். வேலை கிடைத்தால் மகள் அவளோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். நேற்றுப் பெட்டிகளை இறக்கிவைத்த கையோடு அண்ணன் அதைச் சொல்லியும் விட்டான். 'வேலை அமையலைன்னா பிள்ளையை எங்ககிட்ட விட்டுடு. நீ எங்க வேணா இருந்துக்க.' அண்ணி பள்ளிக்கூட விண்ணப்பமே வாங்கி வைத்திருந்தாள்.

மணி நாலேகால். மழை வரப்போகும் வெளிச்சம் ஜன்னலில் கலங்கலாகத் தெரிந்தது. ரூட்டருக்கு நேர் கீழே பாயை விரித்து மகள் வாண்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. ஏணிமேல் நின்றவரிடம் நூறு கேள்வி கேட்டு அவரைத் துளைத்து எடுத்தவள், அவர் முடித்து இறங்கியதிலிருந்து தலை நிமிரவில்லை. சரக், சரக் என்று பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. நல்லவேளை என்று அவளும் விட்டுவிட்டாள்.

புதிய பாஸ்வேர்டு போட்டாள். போனிலும் லேப்டாப்பிலும் அதையே அடித்தாள். இணைக்கப்பட்டவை: இரண்டு. மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் அது மூன்றாயிற்று.

மூன்றாவதற்குப் பெயர் இல்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. பக்கத்தில் சிக்னல் முழுசாக, ஐந்து கட்டமும்.

இது மாடி வீட்டு வேலைதான் என்று முடிவுகட்டினாள். மாடி வீட்டு அக்கா நேற்று இவர்கள் வந்து இறங்கியதும் இறங்காததுமாக, நெட் எப்போது வரும் என்று விசாரித்தவள். விறுவிறுவென்று படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். கையில் மாவோடு வந்து திறந்த அக்கா, விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"எனக்குப் போன்ல பேசவே தெரியாதும்மா. உன் நெட்டை நான் என்ன பண்ணப்போறேன்? நெட்காரன் எப்ப வருவான்னு கேட்டேன், கேட்டைத் திறந்துவிடணுமேன்னு."

சிரிப்பு இயல்பாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்கிறவர்களும் இயல்பாகத்தான் சிரிப்பார்கள். இறங்கி வரும்போதே நெட்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"ஃபுல் சிக்னல் காட்டுதா மேடம்? அப்ப மாடி இல்ல. உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு," என்றார். "செட்டிங்ஸ்ல சிக்னல் எட்டுற தூரம்னு இருக்கும். அதைக் குறைச்சுட்டுப் பாருங்க. அந்தக் கூடத்தைத் தாண்டாது."

குறைத்தாள். சோதித்துப் பார்க்கச் சமையலறை வரை நடந்தாள். வாசலைத் தாண்டியதுமே அவளுடைய போன் இணைப்பை இழந்தது. திரும்பிக் கூடத்துக்கு வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்றாவது அசையவில்லை. ஐந்து கட்டம்.

அப்படியென்றால் கூடத்தில்தான் இருக்கிறது.

இப்போது சந்தேகம் அண்ணன் பக்கம் திரும்பியது. பெட்டிகளைக் கட்டியது அவன்தான். தங்கையைக் கண்காணிக்க ஏதாவது வைத்துக் கட்டியிருப்பான், பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நாளைக்கு ஆதாரம் காட்ட. ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்தாள். துணிகள், பாத்திரங்கள், அகராதிகள். தலையணை உறையைக்கூடப் பிதுக்கிப் பார்த்தாள். வியர்வை கழுத்தில் வழிந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஈர மண்ணின் வாடை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. இத்தனை ரகளைக்கு நடுவிலும் வாண்டு ஒரு முறைகூட என்னவென்று கேட்கவில்லை. சரக், சரக்.

பெட்டிகள் காலியாகிவிட்டன. ஒன்றும் இல்லை.

மூன்றாவது பாஸ்வேர்டை வைக்க உட்கார்ந்தபோதுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது. "கே... சின்ன எஸ்... நாலு... ஏழு..."

விரல் அப்படியே நின்றது.

அச்சகத்தில் இரண்டு பேராகத்தான் உட்காருவார்கள். ஒருவர் மூலத்தை எழுத்தெழுத்தாக, புள்ளி காற்புள்ளி விடாமல் உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சடித்த தாளில் சரிபார்ப்பார். பதினோரு வருடம் படித்த வாய் அவளுடையது. கை எதை அடித்தாலும் வாய் சேர்ந்து படித்துவிடும். முதல் பாஸ்வேர்டையும் அப்படித்தான் படித்திருப்பாள். இரண்டாவதையும்.

யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பற்களுக்கு இடையில் கடித்துக்கொண்டாள். அடித்ததையெல்லாம் அழித்தாள். எட்டு எண்கள், வாய் திறக்காமல், ஒவ்வொன்றாக. போனில் போட்டாள். லேப்டாப்பில் போட்டாள். காத்திருந்தாள்.

இணைக்கப்பட்டவை: இரண்டு.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டேதான்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மணி ஐந்தே முக்கால். தேர்வு எழுதலாம். பிள்ளை தன்னோடு இருப்பாள். அண்ணன் முகத்தில் கரி. தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தாள்.

அமைதியாக.

மழைச் சத்தம் இருந்தது. பென்சில் சத்தம் இல்லை.

"வாண்டு?"

குனிந்தபடியே இருந்தாள். பென்சில் முனை தாளில் ஊன்றியிருந்தது. பாதி வரைந்த வட்டம்.

"என்னடி, சிலை விளையாட்டா? அம்மாவுக்கு நேரமில்லடா கண்ணு."

எழுந்து போய் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். தலை கனமாக, நிமிர்த்திய பக்கமே நின்றது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இல்லை. மார்பில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. உடம்பு மட்டும் சூடாக இருந்தது.

"வாண்டு! அடியே! அம்மாடி!"

உலுக்கினாள். தலை ஆடியது. பென்சில் விரல்களுக்குள்ளேயே இருந்தது. போன் கீழே விழுந்து கிடந்தது, திரை ஒளிர்ந்தபடி.

இரண்டு.

அவளுக்குப் புரிந்தது. புரியவே கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. நெட்காரரும் இல்லை, மாடி வீடும் இல்லை, அண்ணனும் இல்லை. ரூட்டருக்கு நேர் கீழே, ஐந்து கட்டத்தோடு, அவள் முணுமுணுத்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்திதான்.

இது பிள்ளையா, பிள்ளைக்குள் இருக்கும் வேறொன்றா என்று யோசிக்கப் பெற்றவளுக்கு நேரம் இல்லை. மகளை மடியில் வாரிப் போட்டுக்கொண்டாள். காதோடு வாய் வைத்தாள். தொண்டையைக் கனைத்து, அச்சகத்தில் படித்த அதே உரத்த குரலில், வீடு முழுக்கக் கேட்கப் படித்தாள்.

"ஆறு. ரெண்டு. சைபர். ஒம்போது. ஒம்போது. மூணு. எட்டு. ஒண்ணு."

திரை சிமிட்டியது. மூன்று.

மடியில் இருந்த உடம்பு மூச்சை இழுத்தது. வாண்டு நழுவி இறங்கிப் பாயில் உட்கார்ந்தாள். வட்டத்தை விட்ட இடத்திலிருந்து வரைந்து முடித்தாள். சரக், சரக்.

"இனிமே வாய்க்குள்ளயே வெச்சுக்காதம்மா," என்றாள் நிமிராமல். "எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கறது?"

குரல் மகளுடையதுதான். அவள் அழுதாள், பிள்ளை உயிரோடு இருக்கிறாளே என்று. ஆமாம், அந்த நேரத்தில் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"இப்ப நல்லாக் கேட்டுச்சும்மா," என்றாள் வாண்டு. "எல்லாருக்கும்."

அவள் போனைப் பார்த்தாள்.

நான்கு.

ஐந்து.

கோடு. கோடு. கோடு. எல்லாவற்றுக்கும் சிக்னல் முழுசாக.

எட்டு.

ரூட்டரின் சுவிட்சுக்குப் பாய்ந்தாள். விரல் அதன்மேல் போய் நின்றது. அழுத்தினால் எல்லாம் போய்விடும். எல்லாமும். மூன்றாவதும்.

லேப்டாப் மணியடித்தது. ஆறு மணி. அடித்து அடித்து ஓய்ந்தது.

பதினொன்று.

"இருங்க, இருங்க, தள்ளி உட்கார்றேன்," என்றாள் வாண்டு யாரிடமோ, விருந்தாளிகளிடம் பேசும் மரியாதையோடு. நோட்டை எடுத்துக்கொண்டு பாயில் ஒரு பக்கமாக நகர்ந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில் சுவரோடு முதுகு ஒட்டியது. கால்களை மடக்கி, நோட்டை முழங்காலில் சாய்த்து, நிமிராமல் தீட்டிக்கொண்டிருந்தாள்.

சுவிட்சில் வைத்த விரலை அவளால் அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. பாயில் ஒருவரும் இல்லை. ஆனால் பாய் இங்கும் அங்கும், வரிசை வரிசையாக, அழுந்திக்கொண்டே வந்தது.