அந்தப் பேர் எனக்கு வேண்டாம்

"உன் வேலைதானே இது? சொல்லுடி... உன் வேலைதானே!"

அல்முத் கோப்பையை வைத்த வேகத்தில் தேநீர் மேஜைவிரிப்பில் தெறித்தது. வீப்கே துணியை எடுத்துத் துடைத்தாள். முப்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் யார் எதைக் கொட்டினாலும் துடைப்பவள் அவள்தான்.

மேஜைமேல் பதிவு அலுவலகக் கடிதம் கிடந்தது. வீப்கேயின் ஒரே மகன் ஹௌகேயின் பேருக்கு வந்தது. அதை நாத்தனார் அல்முத் பிரித்துப் படித்திருந்தாள். அடுத்த மாதம் கல்யாணம். அதன்பின் மணமக்கள் இருவருக்கும் குடும்பப் பேர் 'லாங்கே' என்றிருந்தது. பெண் வீட்டுப் பேர்!

"போக்கெல்மன்னு சொன்னா இந்த லேயர் ஊரே மரியாதை குடுக்கும். என் தம்பி ஹென்னிங் செத்து அஞ்சு வருஷம் முடியல, அதுக்குள்ள அவன் பேரை அழிக்கிறியா? நீயே இரவல் பேர்ல காலம் தள்ளுறவ... உனக்கு எங்க அந்த அருமை தெரியப் போகுது!"

சொல்லிவிட்டு, பல்லிடுக்கில் சிக்கிய ரொட்டித் துணுக்கை நகத்தால் நோண்டி எடுத்து, தட்டு விளிம்பில் தேய்த்தாள். வீப்கே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

இரவல் பேர்... கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் 'ஐலர்ஸ்' என்ற தன் பேரை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டபோது, அவளுடைய அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தப் பேருக்கு அவள்தான் கடைசி வாரிசு. "போயிட்டு வாம்மா" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு படுத்த படுக்கையான மாமனாரை ஆறு வருஷம் புரட்டிப் போட்டு, புண் கழுவி, மலம் அள்ளினாள். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடியவள் இந்த அல்முத். ஹென்னிங் நல்லவர். ஆனால் அக்கா முன்னால் வாயைத் திறந்ததே கிடையாது.

"அண்ணி, சத்தியமா எனக்கு இதுல..."

"நடிக்காதே!"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஹௌகேயும் அவன் கட்டிக்கொள்ளப் போகும் மரைகேயும் சூடான ரொட்டிப் பையோடு உள்ளே வந்தார்கள். பிரித்துக் கிடந்த கடிதத்தைப் பார்த்ததும் ஹௌகேயின் முகம் மாறியது.

"எனக்கு வந்த கடிதாசியை யார் பிரிச்சது?"

"நான்தான்! உங்கம்மா உன்னைத் தூண்டிவிட்டதும் எனக்குத் தெரியும்!"

மரைகே பையை மேஜையில் வைத்தாள். "தூண்டிவிட்டாங்களா? புதன்கிழமை இவங்க என் வீட்டுக்கு வந்தாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'போக்கெல்மன் பேரையே வச்சுக்கோம்மா, இந்த வீட்டுல சண்டை வேண்டாம்'னு அழுதாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

இப்போதாவது அல்முத்திடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று வீப்கே நினைத்தாள். தப்பா நெனச்சுட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை...

அல்முத் ரொட்டிப் பையைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்படின்னா ஒழுங்கா கெஞ்சத் தெரியல. அதையும் உருப்படியா செய்ய மாட்டா."

அவ்வளவுதான்! வீப்கேயின் மனசில் அருவருப்பு ஏறியது. அல்முத்மேல் மட்டுமல்ல. புதன்கிழமை ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக் கெஞ்சிய தன்மேலும்தான். எதற்காக? இந்தப் பேருக்காகவா?

ஹௌகே அவள் தோளைப் பிடித்தான். "அம்மா... நீ குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டு அழுவியே, சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். உனக்கு இந்தப் பேர் குடுத்ததை என் பொண்டாட்டிக்கும் குடுக்க எனக்கு மனசு வரலம்மா. ஏன்னு உன்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு."

"அப்பாவை வெறுத்துட்டியோன்னு நெனச்சேன்டா..." என்று அவன் மார்பில் சாய்ந்து அழுதாள் வீப்கே.

மறுநாள் காலை முதல் ஆளாக அவளே பதிவு அலுவலகத்தில் நின்றாள். கணவனை இழந்தவள் பிறந்த வீட்டுப் பேருக்குத் திரும்பலாம். ஒரு படிவம், ஒரு கையெழுத்து.

"யோசிச்சுத்தான் செய்றீங்களா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"முப்பத்தாறு வருஷம் யோசிச்சாச்சும்மா."

வீப்கே ஐலர்ஸ். எழுதி முடித்ததும், வாசலில் நின்ற அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது.

மாதக் கடைசியில், மரைகே பார்த்துக் கொடுத்த ஒற்றை அறை வீட்டுக்கு அவள் பெட்டியோடு கிளம்பினாள். அல்முத் வாசல்வரை துரத்தி வந்தாள்.

"போ! ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. பேரை விட்டவளுக்கு எங்க குடும்பக் கல்லறையில இடம் கிடையாது. ஹென்னிங் பக்கத்துல உன்னைப் படுக்க விட மாட்டேன்!"

வீப்கே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"அவர் உயிரோட இருந்தப்போ பக்கத்துல இருந்துட்டேன் அண்ணி, அது போதும். சனிக்கிழமைதோறும் நான் செஞ்ச மாதிரி அங்க போய்ப் புல்லைப் பிடுங்கி, கல்லைத் தேய்ச்சுக் கழுவி, செடிக்குத் தண்ணி ஊத்தணும். அது போக்கெல்மன் வீட்டாளுங்க செய்ய வேண்டிய வேலை. இனிமே நீங்க ஒருத்தர்தானே மிச்சம்."



வீப்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.